குடியிலிருந்து மீள வெளிநோயாளர் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். குடிநோய்க்காக வருகிறவர்களும் அவர்களை அழைத்து வருகிற மனைவி, தாய், அண்ணன் ஆகியோரும் ஓ.பி. வரிசையில் நின்றபடியே கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, விடைகளைச் சேர்த்திருக்கிறேன். மருந்துகளின் பெயர்களைச் சொல்லியிருக்கிறேன். அளவுகளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், ஏனெனில் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்காமல் அவற்றை எவரும் முடிவு செய்யக் கூடாது.

குடியை விடணும்னா ஆஸ்பத்திரியில ஒரு மாசம் படுத்தே ஆகணுமா?

பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. வீட்டில் இருந்துகொண்டு, குறித்த நாட்களில் மருத்துவமனைக்கு வந்து போயே குடியை நிறுத்த முடியும். உள்நோயாளராகச் சேர்ந்தே ஆக வேண்டியவர்கள் உண்டு. அவர்கள் யார் என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். மற்றவர்களைப் பொறுத்தவரை மருந்து, ஆலோசனை, பரிசோதனை ஆகிய மூன்றும் வெளிநோயாளர் பிரிவிலேயே கிடைக்கின்றன. சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களும் வீடு திரும்பிய பிறகு பல மாதங்கள் ஓ.பி.க்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதால், சிகிச்சையின் பெரும்பகுதி எல்லோருக்குமே வெளிநோயாளர் சிகிச்சைதான்.

இதை முதல் கேள்வியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மீட்பு மையம் நடத்தி 2019-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, மதுவைச் சார்ந்துபோனவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மீதி 37 பேரும் திருந்த மனமில்லாதவர்கள் என்று நான் நம்பவில்லை. தினக்கூலி வாங்குகிறவரும், சவாரி ஓட்டினால்தான் வண்டிக் கடனைக் கட்ட முடியும் என்ற நிலையில் உள்ள ஆட்டோ ஓட்டுநரும், சிகிச்சை என்றாலே ஒரு மாத வருமானம் போய்விடும் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதை நாள்தோறும் பார்க்கிறேன்.

வந்தா என்ன செய்வீங்க? ஊசி போடுவீங்களா, இல்ல அட்வைஸ் மட்டும்தானா?

முதல் நாள் கேள்விகளே அதிகம் இருக்கும். எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது உடம்பு என்ன செய்தது, வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார், தூக்கமும் மனநிலையும் எப்படி என்பவற்றைக் கேட்டு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரல் செயல்பாடு ஆகியவற்றைப் பரிசோதிப்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு அளவைக் குறைத்துச் சொல்வதால் நோயாளிக்குத்தான் ஆபத்து. முதல் வாரத்தில் தர வேண்டிய மருந்தின் அளவு அந்தப் பதிலை வைத்தே முடிவாகிறது.

முதல் வாரம், மது நின்றதும் உடம்பு படும் பாட்டைத் தணிப்பதற்கு உரியது. அப்போது தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொல்வார்கள்; தையமின் என்ற வைட்டமின் பி1 பெரும்பாலும் ஊசியாகவே தரப்படும், ஏனெனில் நெடுநாள் குடித்தவரின் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. அதன் பிறகு குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் மருந்தும் ஆலோசனையும் தொடங்கும். வாரம் ஒரு முறை, பிறகு இரு வாரங்களுக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை என வருகை குறைந்துகொண்டே போகும்.

நான் தினமும் ஒரு குவார்ட்டர்தான் அடிக்கிறேன். அதுக்குப் போய் நோய்னு சொல்றீங்களே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 42.8 விழுக்காடு மதுச்செறிவு கொண்ட பிராந்தியோ ரம்மோ 180 மில்லி என்றால், அதில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மருத்துவத்தில் 10 கிராமை ஓர் அலகு என்று வைத்திருப்பதால், ஒரு குவார்ட்டர் என்பது 6 அலகு. 8 விழுக்காடு செறிவுள்ள 650 மில்லி பீர் 4 அலகுக்கு மேல். ஆகவே பிராந்தியை விட்டுப் பீருக்கு மாறிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், தினம் எத்தனை பாட்டில் என்று கேட்டுவிட்டுத்தான் நிம்மதி அடைய வேண்டும்.

அளவை மட்டும் வைத்து நோயா இல்லையா என்று முடிவு செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற 10 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐ எட்டினால் குடி கேடு விளைவிக்கத் தொடங்கியிருக்கலாம் என்றும், 20-ஐ எட்டினால் மதுவைச் சார்ந்துபோயிருக்கலாம் என்றும் கொள்வார்கள். எழுந்ததும் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது, ஒன்றோடு நிறுத்துவோம் என்று போய் நிறுத்த முடியவில்லை, டாக்டர் எச்சரித்த பிறகும் குடிக்கிறார் என்ற நிலை இருந்தால், அளவு குவார்ட்டரோ அரையோ, அது சிகிச்சை தேவைப்படும் நிலைதான்.

எங்க போகணும்? எவ்வளவு செலவாகும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறித்த நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருவார். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. 2025-ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டுள்ளன. தொண்டு அமைப்புகளில் மூத்தது, சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை.

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கும் ஆலோசனைக்கும் பணம் இல்லை. இருப்பில் உள்ள மருந்தும் இலவசம். சில வேட்கைக் குறைப்பு மருந்துகள் இருப்பில் இல்லாமல் வெளியே வாங்க நேரிடலாம் என்பதால், மலிவான மாற்று இருக்கிறதா என்று கூச்சமில்லாமல் மருத்துவரிடம் கேளுங்கள். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண்ணையோ அழைக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் வழிகாட்டுவார்கள்.

மாத்திரை எதுக்கு? நாளையிலிருந்து ஒரே அடியா நிறுத்திடறேன். மன உறுதி இருந்தா போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவரின் மூளை, மது தரும் மந்தத்தை ஈடுகட்டுவதற்காக எப்போதும் கூடுதல் விசையோடு இயங்கப் பழகியிருக்கும். மது சட்டென்று நின்றால் அந்தக் கூடுதல் விசை மட்டும் மிஞ்சுகிறது. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 8 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் ஃபிட்ஸ் எனப்படும் வலிப்பு வரலாம். முன்பு ஒருபோதும் வலிப்பு வராதவருக்கும் வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இருக்கும் இடம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், ஓட்டுநராக இருந்தால் படுக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் கையை அசைத்துக்கொண்டிருப்பார். இதைப் பேய் பிடித்ததாகவோ பைத்தியம் என்றோ நினைத்து நேரத்தை இழக்க வேண்டாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும் நிலை இது. 108-ஐ அழைக்க வேண்டும்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் மதுக்கடைகள் திடீரென மூடப்பட்டபோது தென் மாநிலங்களின் மருத்துவமனைகள் இந்த நிலையில் பலரைச் சந்தித்தன. தாங்க முடியாமல் சானிடைசரையும் வார்னிஷையும் குடித்து இறந்தவர்கள் உண்டு. மன உறுதிக் குறைவு என்று அதை எப்படிச் சொல்ல முடியும்? முதல் வாரத்தில் குளோர்டையஸெபாக்ஸைடு, டையஸிபாம், கல்லீரல் பழுதுபட்டவர்களுக்கு லோராஸிபாம் போன்ற மருந்துகளைத் தந்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவது இந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோர்ந்து கிடப்பவருக்கு அக்கம்பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லும் பழக்கம் நம் ஊர்களில் அதிகம். நெடுநாள் குடித்தவருக்குத் தையமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், கண் அசைவும் நடையும் நினைவாற்றலும் கெடும் மூளைப் பாதிப்பு தூண்டப்படலாம். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், இவர் குடிப்பவர் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள் தொட மாட்டார். கோயில்ல கயிறு கட்டினா ஒரு வருஷம் தொட மாட்டார். அப்புறம் எப்படி நோயாளின்னு சொல்றது?

விரதம் இருக்கிற காலத்தில் ஊரே அவருக்குத் துணை நிற்கிறது. சாமி என்று அழைக்கிறார்கள், கூட்டாளிகள் கடைக்குக் கூப்பிடுவதில்லை, காலையும் மாலையும் குளியலும் பூசையும் நேரத்தை நிரப்புகின்றன, முடியும் நாளும் தெரிந்திருக்கிறது. மாலையைக் கழற்றியதும் இவை அத்தனையும் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. நிறுத்த முடிவதும் நிறுத்திய நிலையில் நீடிக்க முடிவதும் வேறு வேறு திறன்கள். நோய் இரண்டாவதைத்தான் பறிக்கிறது.

நான் இந்த நம்பிக்கைகளுக்கு எதிரானவள் அல்லள். மாலை போட்ட காலத்தையே சிகிச்சையின் தொடக்கமாக்கிக்கொண்டு நன்றாக இருப்பவர்களைத் தெரியும். ஆனால் இரண்டு வேண்டுகோள்கள். தினமும் குடிப்பவர், மேலே சொன்ன காரணத்தால், மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மாலை கழற்றும் நாளுக்கு முன்பே அடுத்த ஓ.பி. தேதியையும் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

யாரெல்லாம் கட்டாயம் அட்மிட் ஆகணும்?

முன்பு நிறுத்தியபோது வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தவர்கள், மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி போன்ற கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், இதய நோயோ கட்டுக்கடங்காத சர்க்கரையோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் ஆகியோருக்கு முதல் வாரமாவது மருத்துவமனையில் இருப்பதே பாதுகாப்பு. மதுவோடு தூக்க மாத்திரையும் சாப்பிட்டுப் பழகியவர்களும் இதில் சேர்வார்கள்.

உடல்நிலை நன்றாக இருந்தும் தனி அறையில் வசிப்பவர், அல்லது வீட்டில் மாத்திரையை எண்ணிக் கொடுக்கவும் இரவில் கவனிக்கவும் ஒருவரும் இல்லாதவர், வெளிநோயாளராக முதல் வாரத்தைக் கடப்பது கடினம். அண்ணனோ நண்பரோ ஐந்தாறு நாட்கள் உடன் தங்கினால் இந்தத் தடை நீங்கிவிடும். இதற்காக மட்டும் சிகிச்சையைக் கைவிட்டவர்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குடியை விட்டுட்டு இந்த மாத்திரைக்கு அடிமையாயிட்டா என்ன பண்றது?

நியாயமான பயம். முதல் வாரத்தில் தரப்படும் டையஸிபாம் வகை மாத்திரைகளைப் பல வாரங்கள் தொடர்ந்தால் அவற்றுக்கும் உடம்பு பழகிவிடும். அதனால்தான் மொத்தமாகத் தராமல் சில நாட்களுக்கு மட்டும் தந்து, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் குறைத்து நிறுத்துகிறார்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மறுபடி வாங்குவதுதான் பிரச்சினையாகிறது. அந்த மாத்திரைகள் வீட்டில் இன்னொருவர் கையில் இருக்கட்டும். வேட்கையைக் குறைக்கத் தரப்படும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் ஆகியவை போதை தருபவை அல்ல, அவற்றுக்கு அடிமையாவதில்லை.

குடிச்சா வாந்தி வர்ற மாத்திரை இருக்காமே? அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுத்துடறேன், எழுதிக் குடுங்க.

கேட்பவரின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த நிலையிலும் இதைச் செய்யாதீர்கள். அந்த மருந்தின் பெயர் டைசல்பிராம். அமெரிக்காவில் 1951 முதல் அனுமதியில் இருக்கும் பழைய மருந்து. மது கல்லீரலில் அசிடால்டிஹைடாக மாறி, பிறகு சிதைகிறது. அந்த இரண்டாம் கட்டச் சிதைவை இந்த மருந்து தடுத்துவிடுவதால், குடித்த சில நிமிடங்களில் முகம் சிவந்து, இதயம் படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் இறங்குகிறது. மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் வழக்கமான குவார்ட்டரைக் குடித்தால், குறிப்பாக இதய நோய் இருந்தால், உயிருக்கே ஆபத்து. ‘குடியை மறக்கடிக்கும் பொடி’ என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொருட்களிலும் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவற்றையும் கலக்க வேண்டாம்.

நோயாளி அறிந்து, எழுத்தில் சம்மதம் தந்து, மனைவியோ தாயோ தினமும் காலையில் கையில் கொடுத்து விழுங்குவதைப் பார்க்கிற ஏற்பாடு இருந்தால், டைசல்பிராம் சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. மாலை ஏழு மணிக்கு மனம் அலைபாயும்போது, காலையில் விழுங்கிய மாத்திரை அவருக்காக ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறது. கடைசியாகக் குடித்து 12 மணி நேரம் ஆகும் முன் இதைத் தொடங்கக் கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இதன் வேலை உடம்பில் இருக்கும். இருமல் டானிக்குகள், வாய் கொப்பளிக்கும் திரவங்கள், தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள், ஆசவங்கள் ஆகியவற்றில் மது இருப்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் மெட்ரோனிடசோல் இதோடு சேர்ந்தால் மனக் குழப்பத்தை உண்டாக்கலாம். மனச்சிதைவு, கடும் கல்லீரல் நோய், இதய நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

வேற மருந்து இல்லையா? எத்தனை மாசம் சாப்பிடணும்?

இருக்கிறது. நால்ட்ரெக்ஸோன், குடித்தால் கிடைக்கும் இன்பத்தைக் குறைத்து, ஒன்று இன்னொன்றை இழுக்கும் ஓட்டத்தைத் தளர்த்துகிறது. அபின் வகை வலி மருந்து சாப்பிடுகிறவர் இதை எடுக்கக் கூடாது. கல்லீரலையும் பார்த்துத்தான் தருவார்கள். அகாம்ப்ரோசேட், நிறுத்திய பின் நீடிக்கும் அமைதியின்மையைத் தணிக்கிறது. சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் தர முடியும், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று வேளை மறக்காமல் சாப்பிட வேண்டும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு பாக்லோஃபென் தருவது உண்டு. அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எதுவானாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தொடரச் சொல்வார்கள். உடம்பு தேறிவிட்டதென்று இரண்டாம் மாதமே நிறுத்துவதுதான் நாங்கள் அதிகம் பார்ப்பது.

பேசினா குடி நிக்குமா? கவுன்சலிங்குல என்னதான் பேசுவீங்க?

குடி கெட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கு அது எங்களைவிட நன்றாகத் தெரியும். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு இருக்கும்போது, என்ன மனநிலையில் குடிக்கத் தோன்றுகிறது என்பதை அவரே கண்டறிய உதவுகிறோம். சனிக்கிழமை சம்பளம், வேலை முடிந்து திரும்பும் வழியில் கடை, மாமனார் வீட்டில் பட்ட அவமானம், சாவு வீடு, திருவிழா என்று ஒவ்வொருவருக்கும் பட்டியல் வேறு. சம்பளத்தை மனைவியின் வங்கிக் கணக்குக்கு மாற்றுவது, கடை இல்லாத தெரு வழியாக வீடு திரும்புவது, கூப்பிடுகிற நண்பனிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது போன்ற சிறு ஏற்பாடுகள்தான் பெரும்பாலும் முடிவாகும். வேட்கை எழுந்தால் அது அரை மணிக்குள் தணிந்துவிடும் என்பதையும், அந்த அரை மணியைக் கடத்தும் வழிகளையும் பயிற்சியாகவே செய்து பார்ப்போம்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கேடு விளைவிக்கும் அளவில் குடித்த ஆண்களிடம், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் ஒன்று முதல் நான்கு முறை மட்டும் பேசினார்கள். 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, மூன்று மாதம் கழித்து, முந்தைய 14 நாட்களில் ஒரு துளியும் குடிக்காமல் இருந்தவர்கள் ஆலோசனை பெற்ற பிரிவில் 42 விழுக்காடு, பெறாத பிரிவில் 18 விழுக்காடு. அவர்கள் மதுவை முற்றாகச் சார்ந்துபோகும் நிலைக்கு முந்தைய கட்டத்தில் இருந்தவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்குப் பேச்சோடு மருந்தும் வேண்டும்.

குடியிலிருந்து மீள முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் துணையாகும். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அமைப்பின் கூட்டங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன; கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது. மருத்துவருக்கு அது மாற்று ஆகாது, ஆனால் மருத்துவமனை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதுதான் இருக்கிறது.

அவர் வரவே மாட்டார். நான் மட்டும் வந்து பிரயோஜனம் உண்டா?

உண்டு, வாருங்கள். குடும்பத்தார் முதலில் தனியாக வந்து, சில வாரங்களுக்குப் பின் நோயாளி வந்து சேர்வது சாதாரணமாக நடக்கிறது. போதையில் இருக்கும்போது வாதிடாமல் காலையில் பேசுவது, அவருக்காக முதலாளியிடம் பொய் சொல்லி விடுப்பு வாங்குவதையும் கடனை அடைப்பதையும் நிறுத்துவது, குடிக்காத நாளைக் கவனித்து ஒரு நல்ல வார்த்தை சொல்வது ஆகியவை கற்றுக்கொள்ளக் கூடியவை. குடும்பத்தாருக்கென்று ஆல்-அனான் கூட்டங்களும் உண்டு.

உங்கள் தூக்கமும் உடம்பும் கூட எங்களுக்கு முக்கியம். குடித்துவிட்டு அடிக்கிறார் என்றால், அவர் குணமாகும் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண் இரவு பகல் இயங்குகிறது. அவருடைய சிகிச்சையும் உங்கள் பாதுகாப்பும் தனித்தனியாக, ஒரே நேரத்தில் நடக்கலாம்.

மூணு மாசம் நல்லா இருந்தார். தங்கச்சி கல்யாணத்துல குடிச்சுட்டார். எல்லாம் வீணாப் போச்சா?

இல்லை. அந்த மூன்று மாதங்களில் கல்லீரல் தேறியது, கடன் குறைந்தது, பிள்ளைகள் அப்பாவோடு பேசியது எல்லாம் நடந்தவை. ஒரு நாள் குடியால் அவை நடக்காதவை ஆகிவிடாது. இந்த நோயில் சறுக்கல் அடிக்கடி வரும். என் அனுபவத்தில், சறுக்கியவரைவிட, சறுக்கிய வெட்கத்தால் ஓ.பி.க்கு வராமல் போனவரைத்தான் இழக்கிறோம். குடித்த மறுநாளே வந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறது. திட்ட மாட்டோம், எந்தச் சூழலில் நடந்தது என்று கேட்டு, அதைச் சந்திக்க வழி செய்வோம். டைசல்பிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்றால், குடித்ததை மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

கொஞ்ச நாள் கழிச்சு அளவா, விசேஷத்துக்கு மட்டும் குடிக்கலாமா?

ஆடிட் மதிப்பெண் குறைவாக, நடுக்கம் எதுவும் வராத நிலையில் உள்ள சிலர் அளவைக் குறைத்துக்கொண்டு நிற்க முடிகிறது. மதுவைச் சார்ந்துபோனவர்களுக்கு, காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலைக்குப் போனவர்களுக்கு, நான் ஒருபோதும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கல்லீரல், கணையம் கெட்டவர்களுக்கும் முழு நிறுத்தம்தான் வழி. முழுதாக நிறுத்தத் தயாரில்லை, குறைக்க மட்டும் ஒப்புக்கொள்கிறார் என்றால் அதற்காகவும் வரட்டும், அங்கிருந்து தொடங்கலாம்.

என் பையன் வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியில ஏத்திக்கிறான். கஞ்சாவும் உண்டு. அவனுக்கும் இதே சிகிச்சைதானா?

அடிப்படை ஒன்று, மருந்து வேறு. டாபென்டடால் போன்றவை அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரைகள். இவற்றுக்கு நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் புப்ரினார்ஃபின் என்ற மருந்து உண்டு. ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்கள் வழியாகவும் இது தரப்படுகிறது. நினைத்தபோது போதை ஏற்றிக்கொள்ளும் வாழ்க்கையிலிருந்து, தினமும் ஒரு முறை மருத்துவர் கண்காணிப்பில் மருந்து எடுத்து வேலைக்கும் படிப்புக்கும் போகும் வாழ்க்கைக்கு இது மாற்றுகிறது. ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று என்று சொல்லி இதை அவசரமாக நிறுத்தச் சொல்லாதீர்கள். சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பழைய அளவையே ஏற்றிக்கொள்ளும்போதுதான் மூச்சு நின்று இறப்புகள் நேர்கின்றன, ஏனெனில் அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனைகளையும் செய்துவிட வேண்டும். ஹெபடைடிஸ் சி மாத்திரைகளால் குணமாகக் கூடியது, அரசுத் திட்டத்தில் இலவசம்.

கஞ்சாவுக்கென்று தனி மருந்து கிடையாது, ஆலோசனையே முதன்மை. நிறுத்திய முதல் இரண்டு வாரங்களில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை இருக்கும். யாரோ பேசுவது காதில் கேட்கிறது, எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்று சொன்னால் காத்திருக்காமல் அழைத்து வாருங்கள்.

ஓ.பி. சீட்டுல பேர் வந்தா வேலை போயிடுமா? போலீஸுக்குத் தெரிஞ்சிடுமா?

மதுவுக்குச் சிகிச்சை பெறுவதில் காவல் துறைக்கு வேலையே இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநலக் குறைகளையும் உள்ளடக்கியது. அதன் 23-ஆம் பிரிவு, சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கப்படும் உரிமையைத் தருகிறது. அலுவலகத்திலிருந்து யார் கேட்டாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் நாங்கள் சொல்ல மாட்டோம்.

கஞ்சா, அபின் வகைகளைப் பொறுத்தவரை 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்து, அரசின் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்குத் தொடர்வதிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். வழக்கு ஏற்கெனவே இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஒரு சென்டர்ல வண்டி அனுப்பித் தூக்கிட்டுப் போய் மூணு மாசம் வெச்சு சரிபண்ணி அனுப்புவாங்களாம். அது நல்லதில்லையா?

மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்று, மனநல மருத்துவர் உண்மையிலேயே வருகிற, குடும்பம் நேரில் பார்க்க அனுமதிக்கிற நல்ல மையங்கள் இருக்கின்றன. ஆனால் குடும்பம் கேட்டுக்கொண்டது என்பதற்காக மட்டும் ஒருவரைத் தூக்கிச் சென்று அடைத்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை. கடுமையான மனநோய் நிலையில், தனக்கோ பிறருக்கோ ஆபத்து இருக்கும்போது, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்த பிறகே விருப்பத்துக்கு மாறாக முதலில் 30 நாட்கள் வரை சேர்க்க முடியும். சங்கிலியால் கட்டுவது எந்த நிலையிலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை நாம் மறக்கலாகாது.

எந்த மையமானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டுவீர்களா, மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார், வெளியே வந்த பிறகு தொடர் சிகிச்சைக்கு என்ன ஏற்பாடு. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள். அடைபட்டிருக்கும்போது மது கிடைக்காது, ஆகவே குடிக்க மாட்டார். கடை இருக்கும் தெருவில் குடிக்காமல் நடப்பதை அங்கே பழக முடியாது.

திருப்பூருக்கு வேலைக்குப் போறேன். மாசா மாசம் இங்க வர முடியாது. சிகிச்சையை நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம், இடம் மாற்றிக்கொள்ளலாம். மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருப்பதால், கிளம்புவதற்கு முன் வந்து சிகிச்சைச் சுருக்கத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மருந்து, எந்தத் தேதியில் தொடங்கியது, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். புது ஊரில் அறை எடுக்கும்போது உடன் தங்குபவர்கள் குடிப்பவர்களா என்று பாருங்கள். மருந்தைவிட அது அதிகம் தீர்மானிக்கும். வீட்டில் காலை மாத்திரையை மனைவி கையில் வாங்கிச் சாப்பிட்டவர், தினமும் அதே நேரத்தில் வீடியோ அழைப்பில் அவர் பார்க்க விழுங்கலாம். பலர் இப்படித்தான் செய்கிறார்கள். கையில் இருக்கும் மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அங்குள்ள அரசு மருத்துவமனையில் ஓ.பி. பதிந்துவிடுங்கள், முதல் முறை போகும்போது சீட்டோடு பழைய மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.